ஜி.பி.எஸ். இடம் மாற்றிக் காட்டுகிறதா? புதிய செல்போன் வாங்கும் முன் வயலில் ஒரு சோதனை

மழையில் சாய்ந்த நெல்லைப் படம் எடுத்துக் காப்பீட்டுச் செயலியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். இரவு திறந்து பார்த்தால், படம் எடுத்த இடம் என்று செயலி காட்டும் புள்ளி உங்கள் வயலில் இல்லை. வரப்பைத் தாண்டி அடுத்தவர் புல எண்ணுக்குள் நிற்கிறது. சொட்டுநீர் மானியத்துக்கு வயலைப் படம் எடுக்கும்போதும், டிஜிட்டல் பயிர் சர்வேயின்போதும் பல ஊர்களில் இதே சிக்கல்தான்.

"போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொல்வார். வீட்டில் பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் இருந்தால் ஒரு ஏக்கருக்கு நடவுக்கூலியும் உரமும் முடிந்துவிடும். அந்தப் பணத்தைப் போனில் போட வேண்டுமா என்பதை உங்கள் கிணற்று மேட்டில் நின்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

போன் எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் "இப்போது மணி இவ்வளவு, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால்தான் இடம் தெரியும். சிக்னல் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நேரக் கணக்கில் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தவறிவிடும். அதை நினைத்தால், கையடக்கப் போன் சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்வதே பெரிய காரியம்.

இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. டவர் இல்லாத மலைக்காட்டிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். நெட் இருந்தால், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் போன் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளும். அதனால் இடம் சீக்கிரம் பிடிபடும். நெட் இல்லாவிட்டால் அந்தத் தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். "எங்க வயல்ல டவர் இல்ல, அதான் தப்பா காட்டுது" என்பது பாதிதான் உண்மை. டவர் இல்லாவிட்டால் தாமதமாகும். பொறுமையாக நின்றால் தானாகச் சரியாகும்.

எவ்வளவு தவறு இயல்பு?

திறந்தவெளியில் சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் சுற்றளவுக்குள் இடத்தைக் காட்டும். இது பழுதில்லாத போனுக்கான கணக்கு. ஐந்து மீட்டர் என்றால் பதினாறு அடி. நம் ஊர் வரப்பின் அகலம் ஒன்றரை அடி. ஆகவே வரப்போரம் நின்று படம் எடுத்தால் புள்ளி பக்கத்து வயலில் விழுவதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே போய், வயலின் நடுப்பகுதியில் நின்று எடுத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். நீங்கள் நிற்கும் இடம் அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று பொருள். அதையும் முழுதாக நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் இரண்டு தடவைதான் உண்மையான இடம் வட்டத்துக்குள் இருக்கும் என்ற கணக்கில்தான் அதை வரைகிறார்கள். மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேயும் நீங்கள் இருக்கலாம்.

பரப்பளவு அளக்கும்போது இந்தச் சில மீட்டர் எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். போன் அதை 3 மீட்டர் கூட்டி 66.6 என்று எடுத்துக்கொண்டால், 100 சென்ட் நிலம் கிட்டத்தட்ட 110 சென்ட் ஆகிவிடும். அதே 3 மீட்டர் தவறு 10 சென்ட் நிலத்தில் நடந்தால் 13 சென்ட் என்று காட்டும். பத்துக்கு மூன்று பிசகு. ஐந்து ஏக்கர் ஒரே தாக்காக இருந்தால் 521 சென்ட் என்று வரும். அதில் நூற்றுக்கு நான்குதான் தவறு. நிலம் சிறுத்தால் தவறு பெருக்கும். நீளமான ஒல்லி வயலில் இன்னும் மோசம். எட்டு மீட்டர் அகலமுள்ள துண்டில் 3 மீட்டர் தவறினால் கணக்கே கெட்டுவிடும்.

ஏக்கர் கணக்கில் நடவு காண்ட்ராக்ட் விடுபவர்களும், ஏக்கருக்கு இவ்வளவு என்று ட்ரோன் மருந்து தெளிப்புக்குப் பணம் கொடுப்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போனை வைத்து அளப்பதானால் நடுவில் நிற்காமல், போனையும் அணைக்காமல், ஒரே மூச்சில் வரப்பைச் சுற்றி வாருங்கள். சில நிமிடங்களுக்குள் முடித்தால் எல்லா மூலைகளும் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே தள்ளிப்போகும். இடம் தவறினாலும் பரப்பு ஓரளவு சரியாக வரும். இரண்டு மூலையைக் காலையிலும் இரண்டு மூலையை மாலையிலும் எடுத்தால் பரப்பும் சேர்ந்து தவறும்.

கிணற்றடிச் சோதனை

இப்போது உங்கள் போனைச் சோதிக்கலாம். பிளே ஸ்டோரில் "ஜி.பி.எஸ். டெஸ்ட்" போன்ற இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சர்வே கல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிணற்றுச் சுவரின் ஒரு மூலை போதும். தகரம் போட்ட மோட்டார் கொட்டகையும் தென்னைமர நிழலும் வேண்டாம்.

கல்லின் மேல் போனைத் திரை மேலே பார்க்கும்படி வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். செயலியில் இரண்டு எண்கள் தெரியும்: அட்சரேகை, தீர்க்கரேகை. தஞ்சாவூர்ப் பக்கமாக இருந்தால் 10.78341, 79.13562 என்பது போல வரும். புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கம் வரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.1 மீட்டர். நான்காம் இலக்கத்தில் ஒன்று மாறினால் 11 மீட்டர். சோதனைக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இப்படிக் காலை, மதியம், மாலை என்று மூன்று நாள் எடுத்தால் ஒன்பது அளவு கிடைக்கும். முதல் நாள் 10.78341 என்றும் மறுநாள் 10.78344 என்றும் வந்தால் மூன்று மீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். உங்கள் போன் நன்றாக இருக்கிறது. ஒன்பதும் ஐந்தாம் இலக்கத்தில் நான்கைந்துக்குள் அடங்கினால் புதுப் போன் வாங்கி நீங்கள் பெறப்போகும் லாபம் மிகக் குறைவு. திறந்தவெளியிலேயே நான்காம் இலக்கம் மாறிமாறி ஆடினால், அதாவது 15, 20 மீட்டர் அலைந்தால், எங்கோ கோளாறு இருக்கிறது.

பக்கத்து வயல்காரரிடம் புதிய போன் இருந்தால் ஒரு நாள் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே கல், ஒரே நேரம், இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில். அவருடைய எண்கள் அடங்கி நிற்க, உங்களுடையது மட்டும் அலைந்தால் போன்தான் காரணம். இரண்டும் சேர்ந்து அலைந்தால் காரணம் இடமோ நேரமோ; அப்போது எந்தப் போன் வாங்கினாலும் அங்கே அப்படித்தான் இருக்கும்.

செலவில்லாமல் சரிசெய்ய

சோதனையில் தோற்ற போனை உடனே ஒதுக்க வேண்டாம். முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இடத்தைக் கொடுக்கலாமா, தோராயமான இடம் போதுமா என்று போன் கேட்கிறது. செயலி போட்ட அன்று அவசரத்தில் "தோராயம்" என்று தொட்டிருந்தால், அந்தச் செயலிக்கு ஊர் தெரியுமே தவிர வயல் தெரியாது. பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தாலும் பல போன்களில் இடம் காட்டுவது தடைப்படும். வயலுக்குப் போகும்போது அதை நிறுத்திவையுங்கள்.

பலர் செய்யும் தவறு அவசரம். வண்டியை நிறுத்தியதும் செயலியைத் திறந்து படம் எடுத்துவிடுகிறோம். அந்த நொடியில் போனிடம் இருப்பது புதிய இடம் அல்ல. வீட்டிலோ ரோட்டிலோ கடைசியாகப் பிடித்த பழைய இடம். ஒரு நிமிடம் மேப்பைத் திறந்து வைத்து, வெளிர்நீல வட்டம் சுருங்கி நின்ற பிறகு படம் எடுங்கள்.

காந்தம் வைத்த கவரையும் இரும்புத் தகடு ஒட்டிய கவரையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். மேப்பில் நீங்கள் பார்க்கும் திசை தவறாகத் தெரிந்தால் அது ஜி.பி.எஸ். பிசகு இல்லை, போனுக்குள் இருக்கும் திசைகாட்டியின் பிசகு. போனைக் காற்றில் எட்டுப் போடுவது போல நாலைந்து முறை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

இன்னொன்று, கடைக்காரர்கள் அதிகம் சொல்லாதது. பல போன்களில் ஜி.பி.எஸ். ஆன்டெனா பின்பக்கச் சட்டத்தில், சிறு உலோகத் தொடுப்பு வழியாக இணைந்திருக்கும். டிஸ்பிளே அல்லது பேட்டரி மாற்றும்போது அந்தத் தொடுப்பு சரியாக உட்காராமல் போகலாம். ரிப்பேர் செய்த பிறகுதான் இடம் தவற ஆரம்பித்தது என்றால் அதே கடைக்குப் போய்ப் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியக்கூடிய வேலைக்குப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை.

தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், மலையடிவாரம் ஆகியவை வேறு கதை. ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சும். தகரக் கூரையும் பாறைச் சரிவும் திருப்பியடிக்கும். சுற்றி வந்த சிக்னல் தாமதமாக வந்து சேர்வதால் போன் தூரத்தைக் கூட்டிக் கணக்குப் போடுகிறது. தோப்புக்குள் எடுக்க வேண்டிய படத்தை, மரங்களுக்கு நடுவில் வானம் தெரியும் சந்தில் நின்று எடுங்கள்.

மாலை மயங்கினால் ஜி.பி.எஸ்.ஸும் மயங்கும்

தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடிப் பகுதியை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதற்காகத்தான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில், பொழுது சாய்ந்த பிறகு மேல்வானில் மின்னூட்டம் கொண்ட அடுக்கு கொந்தளிக்கும். அதன் வழியாக வரும் செயற்கைக்கோள் சிக்னல் நட்சத்திரம் போலச் சிமிட்டும். சில சமயம் சிக்னல் அறுந்தும் போகும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியனில் புயல் மிகுந்த ஆண்டுகளில் இன்னும் அதிகம்.

வேலையெல்லாம் முடித்து இரவு ஏழு எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் எடுத்த அளவு ஆடினால் போனைத் திட்ட வேண்டாம். முக்கியமான படத்தையும் அளவையும் காலை வெயில் ஏறும் முன் எடுத்துவிடுங்கள்.

புதிய போன் எப்போது உதவும்?

புதிய போன்கள் சிலவற்றில் உண்மையாகவே ஒரு முன்னேற்றம் இருக்கிறது. பழைய போன்கள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்கும். 2018 முதல் வந்த சில போன்கள் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் சேர்த்துக் கேட்கின்றன. எல்5 சிக்னலின் துடிப்பு பத்து மடங்கு நெருக்கமானது. அதனால் நேராக வந்த சிக்னலையும், மரத்திலும் சுவரிலும் பட்டுச் சுற்றி வந்த சிக்னலையும் போன் பிரித்தறிய முடிகிறது. இரண்டு அலைவரிசையையும் ஒப்பிட்டு, மேல்வானில் ஏற்பட்ட தாமதத்தையும் பெருமளவு கழித்துவிடலாம். தோப்போரம், வீடுகளுக்கு நடுவே, மலைச்சரிவு போன்ற இடங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாலைச் சிமிட்டலுக்கு மட்டும் இதுவும் மருந்தல்ல.

நாவிக் என்பது நம் இஸ்ரோவின் ஏற்பாடு. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இந்தியாவுக்கு மேலேயே நிலைகொண்டவை. முதலில் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் இயங்கியதால் சாதாரணப் போன்களால் அதைக் கேட்க முடியவில்லை. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01-இலிருந்து எல்1-உம் சேர்ந்தது. அடுத்து 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையைச் சேரவில்லை. நாவிக் போனில் இருந்தால் நல்லது. கூடுதலாகச் சில செயற்கைக்கோள்கள் கிடைக்கும். அதற்காக மட்டும் போனை மாற்றுவது இப்போதைக்குத் தேவையற்ற செலவு என்பது என் கருத்து. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றை உங்கள் பழைய போனே ஜி.பி.எஸ்.ஸோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். செயலியில் செயற்கைக்கோள்களுக்குப் பக்கத்தில் தெரியும் நாட்டுக் கொடிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பதற்கும் ஜி.பி.எஸ். துல்லியத்துக்கும் சம்பந்தம் இல்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், மெமரி எவ்வளவு என்பதற்கும் சம்பந்தம் இல்லை. விலை கூடிய போனில் எல்5 இல்லாமலும், நடுத்தர விலைப் போனில் இருந்தும் பார்க்கலாம்.

அப்படியானால் யார் மாற்றலாம்? அரசுச் செயலிகள் "உங்கள் ஆண்ட்ராய்டு பழையது" என்று திறக்கவே மறுத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் தொடர்பில்லை. கிணற்றடிச் சோதனையில், மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் உங்கள் போன் மட்டும் 15, 20 மீட்டர் அலைந்தால் மாற்றலாம். தோப்பு நிலத்தில் அடிக்கடி படம் எடுத்து அனுப்ப வேண்டியவர்கள், பலருடைய வயலை அளந்து கூலி வேலை செய்பவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காகப் புள்ளி சேகரிப்பவர்கள் எல்5 உள்ள போனாகப் பார்த்து வாங்கினால் போட்ட காசுக்குப் பலன் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் வயலைப் படம் எடுப்பவர் இருக்கும் போனையே வைத்துக்கொள்ளலாம்.

வரப்புத் தகராறுக்குப் போன் சாட்சி இல்லை

போனில் பார்த்துவிட்டு "உன் வரப்பு என் நிலத்துக்குள்ள மூணடி வந்திருக்கு" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பழைய போனுக்கு மட்டுமல்ல, இன்று கடையில் இருக்கும் விலை உயர்ந்த போனுக்கும் மூன்றடி என்பது கைக்கு எட்டாத துல்லியம். மேப்பில் தெரியும் செயற்கைக்கோள் படமே தரையிலிருந்து சில மீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கலாம். அதன்மேல் விரித்த புல எண் கோடுகளும் நகர்ந்திருக்கலாம். தள்ளிப்போன படத்தில், தள்ளிப்போன புள்ளியை வைத்து, அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொள்வது வேண்டாத வேலை.

எல்லைக்கு ஆதாரம் புல வரைபடமும் சர்வே கல்லும்தான். எஃப்.எம்.பி. எனப்படும் அந்த வரைபடத்தைத் தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அளவுகள் அதிலேயே எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் கொண்டு வரும் டி.ஜி.பி.எஸ். கருவியும் செயற்கைக்கோளைத்தான் கேட்கிறது. ஆனால் இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையம் ஒன்று அனுப்பும் திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் சில சென்டிமீட்டருக்குள் சொல்கிறது.

காப்பீட்டுப் படம் எடுக்கும்போது

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிப்படி, ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்ற தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் பயிருக்கும் மாவட்டத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்துமா என்று வேளாண் உதவி அலுவலரிடம் முன்பே கேட்டு வையுங்கள். படத்தைச் செயலிக்குள்ளிருந்தே எடுங்கள். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். படத்தோடு ஒட்டியிருக்கும் இடத் தகவல் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அது தங்கும். வயலின் நடுவில் நின்று மூன்று நான்கு படம், அதோடு கிணறோ மின்கம்பமோ கோயிலோ தெரியும்படி ஒரு படம். புள்ளி சற்றுத் தள்ளி விழுந்தாலும், வந்து பார்ப்பவருக்கு இடம் எது என்று அந்தக் கடைசிப் படம் காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் பார்த்துவிட்டுப் புதிய போன்தான் என்று முடிவு செய்தால், கிணற்றடியில் எழுதிய நோட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். டெமோ போனில் அந்த இலவசச் செயலியைப் போடச் சொல்லி, கடைக்கு வெளியே ரோட்டோரம் கொண்டுவந்து இரண்டு நிமிடம் காட்டச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் பட்டியலில் எல்5 என்ற எழுத்து தெரிய வேண்டும். கடைக்குள் கான்கிரீட் கூரைக்குக் கீழே நின்று பார்த்தால் எந்தப் போனும் ஒழுங்காகக் காட்டாது. வெளியே கொண்டுவர மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். அடுத்த கடை பத்து அடியில் இருக்கும்.